மூக்கில் மூன்று ஈயக் குண்டுகள்

ஹிசாயேயின் இடது கையில் பிளாஸ்டிக் சட்டம், வலது கையில் நுனிவெட்டி. சட்டத்தில் கொத்தாகத் தொங்கிய பாகங்களில் பதினேழாம் எண்ணைத் தேடிப் பிடித்தாள். காம்பை ஒட்ட வெட்டாமல் நகக்கண் அளவு விட்டு வெட்டி, மிச்சத்தை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தாள். விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். பிறகு எதிரே நிறுத்தியிருந்த செய்முறைத் தாளில் அந்த வரிக்கு நேராகச் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளி என்றால் சரி. வட்டம் என்றால் புதிதாக வாங்குகிறவர் இந்த இடத்தில் தடுமாறுவார். கோடு என்றால் தாளே தப்பு.

பிப்ரவரி மாதம். மண்ணெண்ணெய்க் கணப்பின் மேல் கெண்டி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மேசையில் பசைக் குப்பி, மூன்று அரங்கள், இடுக்கு அடைக்கும் புட்டி மாவு ஓர் உருண்டை, ஆரஞ்சுத் தோல், அவள் கணவர் தொகுஜி மீன் பிடிக்கப் போன காலத்து ஈயக் குண்டு டப்பா. தொகுஜி எதிரே போர்வை போட்ட சூடு மேசைக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு வருஷம் ஷிசுவோக்கா நகரத்தில் பஸ் ஓட்டியவர். ஒன்றரை வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, நடையும் ஓரளவு திரும்பியது. வலது கை மட்டும் கூப்பிட்டால் கொஞ்சம் தாமதமாக வரும்.

அவர் அந்த மாதிரி விமானப் பெட்டியின் மூடியில் இருந்த படத்தை வெகுநேரம் பார்த்தார். ஷின்தென் என்ற போர்க்கால விமானம் அது. சண்டை முடியப் போகிற நேரத்தில் மூன்றே தடவை பறந்தது என்று மூடியில் போட்டிருந்தது. பெரிய இறக்கை பின்னால், சின்ன இறக்கை முன்னால், விசிறி வாலில்.

"பஸ்ஸுக்குத்தான் எஞ்சின் பின்னால இருக்கும். சண்டை விமானத்துக்குமா?"

"எனக்கென்னப்பா தெரியும். தாள்ல என்ன இருக்கோ அதை ஒட்டறேன்." மகன் பிறந்த நாளிலிருந்து அவள் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். அவர் அவளை அம்மா என்கிறார். மகன் நாகோயாவுக்குப் போய்ப் பதினைந்து வருஷம் ஆகியும் அது மாறவில்லை.

"முன்னால காலியா விட்டுட்டு கடைசி சீட்டு பூரா சுமோ பயில்வானுங்க ஏறி உக்காந்தா எப்படி இருக்கும்? ஸ்டியரிங் காத்துல தொங்கும்."

"உங்க பஸ்ல எந்த சுமோக்காரன் ஏறினான்?"

"ஒருத்தன் ஏறினான். ரெண்டு டிக்கெட் கேட்டேன். முறைச்சான்."

ஹிசாயே சிரித்துக்கொண்டே உடலின் இரு பாதிகளையும் ஒன்று சேர்த்தாள், பசை தடவினாள், தாள் நாடா சுற்றினாள். நான்காம் கட்டத்துக்கு நேராக ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள்.

அவளுடைய குடும்பப் பெயர் மொச்சிசுகி. அந்த ஊரில் மொச்சிசுகி என்று கூப்பிட்டால் வேலை செய்கிற வரிசையில் பாதிப் பேர் திரும்புவார்கள் என்பதால் கம்பெனியில் முதல் நாளிலிருந்தே, மரியாதைக்குச் 'சான்' சேர்த்து, ஹிசாயே-சான் தான். பிளாஸ்டிக் மாதிரி விமானம், கப்பல், கார் என்று ஊருக்குள் அத்தனை கம்பெனிகள் இருக்கின்றன. இவளுடையது அதில் நடுத்தரம். இருபத்தேழு வயதில் பெட்டி அடைக்கும் வரிசையில் சேர்ந்தாள். சட்டங்கள், ஒட்டுப்படத் தாள், செய்முறைத் தாள், மூடி. ஒரு நாளைக்கு நானூறு பெட்டி.

ஆறு வருஷம் கழித்து அப்போதைய பிரிவுத் தலைவர் வரிசைக்கு வந்து, இறக்கைக்கும் வாலுக்கும் வித்தியாசம் தெரியாதவர் யாராவது உண்டா என்று கேட்டார். எல்லாரும் ஹிசாயேயைக் காட்டினார்கள். அதுதான் அவளுடைய தகுதி. அதுவரை சோதனை வார்ப்பை ஒட்டிப் பார்த்தவர்கள் ஆபீஸ் ஆண்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து விமானம் ஒட்டியவர்கள், செய்முறைத் தாளைப் படிக்கவே மாட்டார்கள். தாளில் உள்ள தப்பு அவர்கள் கண்ணில் படாது, வாங்குகிறவர் கண்ணில் படும். ஹிசாயே முதல் விமானத்துக்கு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டாள். நாற்பத்தொரு இடத்தில் வட்டம் போட்டாள். தாள் வரைந்தவர் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அந்த விமானத்துக்கு ஒரு புகார்க் கடிதம்கூட வரவில்லை.

அதிலிருந்து அவள் தன் அறியாமையை, மற்றவர்கள் சமையல் கத்தியைப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொண்டாள். விமானப் புத்தகம் தொடமாட்டாள். மே மாதக் கண்காட்சிக்கு நாடு முழுவதிலிருந்தும் கூட்டம் வரும்போது, இவள் அரங்குக்குள் போகாமல் வெளியே பெட்டி அடைக்கும் பெண்களோடு உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். தான் ஒட்டியவற்றையே "அந்தப் பச்சை", "ரெண்டு வாலு" என்றுதான் சொல்வாள். ஓய்வு வயது வந்த பிறகும் கம்பெனி விடவில்லை. வீட்டுக்கே அனுப்பினார்கள். வேலை முடிந்ததும் சிவப்புக் குறி போட்ட தாளைப் பார்த்து ஆபீஸ் தன் பிரதியைத் திருத்திக்கொள்ளும். மூலத் தாள் அவளிடமே திரும்பி வரும். அவள் அதைத் தகரம் அடித்த பழைய தேயிலைப் பெட்டிக்குள் போட்டு வைப்பாள்.

ஷின்தென் மே மாதக் கண்காட்சியில் வெளியானது. அவள் ஒட்டி, சாயக்காரர் சாயமடித்த மாதிரி விமானம் கண்ணாடிப் பேழைக்குள் மூன்று சக்கரங்களில் நின்றது. மூக்குச் சக்கரம் தரையில் சரியாகப் பதிந்திருந்தது. கண்காட்சிக்குக் கொண்டுவந்த பெட்டிகள் முதல் நாளே போய்விட்டன.

பத்து நாளில் கம்பெனிக்குப் போட்டோக்கள் வர ஆரம்பித்தன. வாங்கியவர்கள் ஒட்டி, காயவைத்து, சாயமடித்து, கடைசியில் நிற்கவைத்துப் பார்த்தால் விமானம் பிட்டம் குத்தி உட்கார்ந்துவிடுகிறது. மூக்கு ஆகாயத்தில், நாய் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த மாதிரி. பாரம் எல்லாம் பின்னால் இருக்கிற விமானம் அது. உடலை ஒட்டி மூடுவதற்கு முன் மூக்குக்குள் ஈயமோ எதுவோ வைக்க வேண்டும். மூடிய பிறகு வழியில்லை. ஈயம் வைக்கச் சொல்லும் சின்னக் கட்டம் தாளில் இல்லை.

தாள் வரைந்தவர் நதோரி. ஐம்பத்திரண்டு வயது, இருபது வருஷமாக அதே மேசை. முதல் வரைவில் அந்தக் கட்டம் இருந்தது. பிறகு விமானி அறையை ஒட்டும் கட்டத்தை முன்னால் கொண்டுவந்து வரிசையை மாற்றியபோது எங்கேயோ உதிர்ந்துவிட்டது. எப்போது மாற்றினார், ஹிசாயே சோதிப்பதற்கு முன்பா பின்பா என்று அவருக்கே நினைவில்லை. பிரிவுத் தலைவர் இதகுராவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. ஹிசாயே பார்த்த தாளில் கட்டம் இல்லாமல் இருந்திருந்தால் அவள் கோடு போட்டிருப்பாள். அவள் ஒட்டிய விமானம் நிற்கிறது. ஆகவே அவளிடம் போன தாளில் கட்டம் இருந்திருக்கிறது. சோதனை முடிந்த பிறகு யாருக்கும் சொல்லாமல் நதோரி தாளில் கை வைத்திருக்கிறார். அந்தக் கம்பெனியில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. நதோரியை யாய்சு ஊரில் இருக்கும் கிடங்குக்கு மாற்றுவதென்று பேச்சு.

இதகுரா செவ்வாய்க்கிழமை மதியம் போன் செய்து இதையெல்லாம் சொன்னார். அவளிடம் இருக்கும் மூலத் தாளைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது என்றார்.

ஹிசாயே தேயிலைப் பெட்டியைத் திறந்தாள். ஷின்தென் தாள் மேலேயே இருந்தது. நான்காம் கட்டம்: உடலின் இரு பாதிகளையும் ஒட்டவும். ஈயம் என்ற பேச்சே இல்லை. பக்கத்தில் அவளுடைய சிவப்புப் புள்ளி. சரி என்று அர்த்தம்.

தாள் ஒரு கையில், போன் ஒரு கையில். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அன்று முழுக்க அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சாயக்காரர் எதையாவது வைத்திருப்பார். அல்லது இவளுடையது மட்டும் எப்படியோ நின்றிருக்கும். தான் வைக்கவில்லை என்பது உறுதி. தாளில் இல்லாததை அவள் செய்யமாட்டாள். முப்பத்து மூன்று வருஷமாகச் செய்ததில்லை. தாளைக் காட்டினால் நதோரி தப்புவார். ஆனால் அப்புறம் இவளுடைய புள்ளிக்கு என்ன மரியாதை?

புதன்கிழமை நதோரி வீட்டுக்கே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று, மாவு தூவிய அரிசி உருண்டைப் பொட்டலத்தை நீட்டினார். கெஞ்சவில்லை. தாளைக் காட்டு என்றும் கேட்கவில்லை.

"எனக்கு நெஜமா ஞாபகம் இல்ல, ஹிசாயே-சான். நீங்க பாத்தப்புறம்தான் மாத்தினேன்னு நீங்க சொன்னா, நான் அப்பதான் மாத்தியிருப்பேன். உங்களுக்குத் தப்பாது."

பக்கவாதக்காரரை விசாரித்துவிட்டுப் போய்விட்டார். தொகுஜி பொட்டலத்தைப் பிரித்து, இடது கையால் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். அந்த ஆள் முகம் டிப்போவில் மெமோ வாங்கின டிரைவர் முகம் மாதிரி இருக்கிறது என்றார்.

வியாழக்கிழமை காலை. திங்கள், வியாழன், வெள்ளி மூன்று நாளும் தொகுஜியைப் பகல் பராமரிப்பு இல்லத்துக்கு அழைத்துப் போக எட்டு நாற்பதுக்கு வேன் வரும். கூட வருகிறவள் மகிதா. நாற்பத்தைந்து வயது, குரலில் பூச்சு கிடையாது, வேலை சுத்தம். சட்டை மாட்டும்போது வராத கையை முதலில் விட வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும் என்று ஹிசாயேக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். ஆறு மாதமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பட்டனை அவரே போடுகிறாரா? போடுகிறார் என்று ஹிசாயே ஆறு மாதமாகச் சொல்லிவந்தாள். இல்லத்தில் பட்டன் பலகையைக் கொடுத்தால் மனிதர் ஒன்றைக்கூடப் போடாமல் ஜன்னலைப் பார்க்கிறாரே என்பது மகிதாவின் குழப்பம். அது சோம்பல் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் தினமும் செய்கிற கை இப்படி மறக்காது.

அன்று வேன் ஐந்து நிமிஷம் முன்னால் வந்துவிட்டது. மகிதா உள்ளே வந்தபோது தொகுஜி கூடத்தில் நின்றுகொண்டிருந்தார், எதிரே ஹிசாயே. பேச்சு மழையைப் பற்றி. தேயிலை இரண்டாம் பறிப்புக்கு முன்னால் இப்படிப் பெய்கிறதே என்று ஹிசாயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பட்டனை அவரே போட்டுக்கறாரா, ஹிசாயே-சான்?"

"அவர்தான் போட்டுக்கறார்."

"அப்ப உங்க கை என்ன பண்ணிட்டிருக்கு?"

ஹிசாயே குனிந்து பார்த்தாள். அவளுடைய இரண்டு கைகளும் கணவரின் சட்டையில் மூன்றாவது பட்டனில் இருந்தன. மேலே இரண்டு ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

பொய் சொல்லவேண்டும் என்று அவள் சொல்லவில்லை. ஆறு மாதமும் அப்படித்தான், கை போட்டது அவளுக்கே தெரியாது. மகிதாவும் அது புரிந்து குடையை எடுக்கப் போனாள். தொகுஜி மட்டும், "நான் சொல்லலாம்னு பாத்தேன். மழையைப் பத்தி நல்லா பேசிட்டிருந்தே," என்றார்.

வேன் போனது. ஹிசாயே அந்த இடத்திலேயே நின்றாள். பிறகு மேசைக்குப் போய் ஈயக் குண்டு டப்பாவைத் திறந்தாள். அதில் எத்தனை இருந்தன என்று அவளுக்குத் தெரியாது, எண்ணிப் பயனில்லை. ஆனால் சுமோக்காரனுக்கு இரண்டு டிக்கெட் கேட்ட கதை நினைவுக்கு வந்தது. வாய் வேறு வேலையாக இருந்த நேரம் அது. மூக்கில் சக்கரம் உள்ள விமானங்கள் எத்தனையோ இந்தக் கையால் போயிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மூக்கில் ஈயம் வைக்கத் தாள் சொன்னது, கை வைத்தது. இந்தத் தடவை தாள் சொல்லவில்லை.

தாளையும், மெல்லிய ரம்பத்தையும் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

கம்பெனியில் இதகுராவும் நதோரியும் இருக்கும்போதே பேழையைத் திறக்கச் சொன்னாள். விமானத்தை வெளியே எடுத்து, துணி விரித்த மேசையில் வைத்து, விமானி அறைக்கு முன்னால் ரம்பத்தை வைத்தாள்.

"ஹிசாயே-சான், அது ஷோகேஸ் மாடல்."

"நான் ஒட்டினது. நானே அறுக்கறேன்."

சாயமடித்த பச்சை உடம்பிலிருந்து வெள்ளைத் தூள் கொட்டியது. இதகுரா நாற்காலியிலிருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். நாலு நிமிஷத்தில் மூக்கு தனியாக வந்தது. கவிழ்த்துத் தட்டினாள், வரவில்லை. உள்ளே புட்டி மாவில் பதித்து மூன்று ஈயக் குண்டுகள் இருந்தன. அவை உருளாதபடி மேலே அழுத்திய இடத்தில் கட்டைவிரல் பள்ளம். ரேகைகூட அப்படியே காய்ந்திருந்தது. ஹிசாயே தன் கட்டைவிரலை அதன் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள். பிறகு பையிலிருந்து தாளை எடுத்து, நான்காம் கட்டம் மேலே தெரியும்படி இதகுராவின் முன் வைத்தாள். இது என் கையில் வந்தபோதே அந்தக் கட்டம் இல்லை, நதோரி-சான் எனக்கு அப்புறம் எதையும் மாற்றவில்லை, இல்லாததை நான் பார்க்கவில்லை, பார்க்காமலே வைத்திருக்கிறேன் என்று வரிசையாகச் சொன்னாள். செவ்வாய்க்கிழமையே தாள் கையில் இருந்தது, இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன் என்றும் சொன்னாள்.

முதலில் வாய் திறந்தவர் நதோரி. மூக்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "மூணு போதுமா? நான் அஞ்சு கிராம் கணக்குப் போட்டிருந்தேன்," என்றார்.

"நின்னுதே."

"நின்னுது," என்று ஒப்புக்கொண்டு, மூக்கை மேசையில் வைத்தார். வைத்தபிறகுதான் அவருக்கு மூச்சு வந்த மாதிரி இருந்தது. கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

இதகுரா கோபப்படவில்லை. முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு தப்பு, அதைத் தானே வந்து சொல்லியும் விட்டீர்கள் என்று ஆரம்பித்தார்.

"ஒண்ணுதான்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் ஹிசாயே. "இது பிட்டம் குத்தினதால மாட்டிக்கிட்டேன். மத்ததுல எல்லாம் இந்தக் கை என்னென்ன பண்ணிச்சோ, எனக்கே தெரியாது. இனிமே என் புள்ளியை நம்பி அச்சடிக்காதீங்க."

அப்படியானால் யார் பார்ப்பது என்று கேட்டார் இதகுரா. உண்மையில் அவருக்கு வேறு ஆள் இல்லை. முன்பு செய்த மாதிரி வரிசைக்குப் போய், ஒன்றும் தெரியாத ஒருத்தரைப் பிடியுங்கள் என்றாள் ஹிசாயே. அவர் ஒட்டட்டும். தான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்து வட்டம் போடுவதாகச் சொன்னாள். கையை மடியில் வைத்துக்கொள்வாளாம். யோசித்துச் சொல்வதாக இதகுரா சொன்னார். அதற்குள் நதோரி காகிதத்தை இழுத்து, பெட்டிக்குள் போடவேண்டிய திருத்தச் சீட்டை வரைய ஆரம்பித்திருந்தார்: உடலை ஒட்டும் முன் மூக்கில் எடை வைக்கவும். ஏற்கெனவே மூடிவிட்டவர்கள் மூக்குச் சக்கரம் இருக்கும் குழி வழியாகச் சின்னத் துளை போட்டு ஈயத் தூள் விடலாம் என்பது ஹிசாயே சொல்ல, அவர் எழுதியது. கிடங்கில் மிச்சமிருந்த பெட்டிகளை எல்லாம் திறந்து சீட்டுப் போட வேண்டும், நாளைக்கே. யாய்சு பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சாயங்காலம் தொகுஜியிடம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத ஆள்தான் வேண்டுமென்றால் தன்னைப் பிடிக்கச் சொன்னார். தனக்கு விமானமும் தெரியாது, கையும் வராது, இதைவிடத் தகுதி என்ன வேண்டும் என்றார். முதலில் சட்டைப் பட்டன், அப்புறம் விமானம் என்றாள் அவள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எட்டு மணிக்கே சட்டையை மாட்டிவிட்டு, வராத கை முதலில், நல்ல கை பிறகு, ஹிசாயே எதிரே தரையில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தொகுஜி வலது கையை மேலே கொண்டுவந்தார். துணியைப் பிடித்தது, விட்டது. மறுபடி பிடித்தது. இரண்டு தடவை அவள் தோள் தானாக எழும்பியது. உள்ளங்கை எழவில்லை. எட்டு நாற்பதுக்கு வேன் வந்து நின்றது. மகிதா கதவருகே நின்று பார்த்துவிட்டு, திரும்பிப் போய் டிரைவரிடம் எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். பஸ் டிரைவர் வீட்டு வாசலில் இன்னொரு டிரைவர் காத்திருப்பது தொகுஜிக்குப் பிடித்திருந்தது. அவர் அவசரப்படவில்லை.

ஐந்து பட்டனுக்கு ஐம்பத்திரண்டு நிமிஷம். கீழே ஒரு பட்டன் மிச்சம், மேலே ஓர் ஓட்டை மிச்சம், கழுத்துப் பட்டை ஒரு பக்கம் ஏறியிருந்தது. ஹிசாயே அதைத் தொடவில்லை. மகிதாவும் தொடவில்லை. கோணல் சட்டையோடு அவர் வேனில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார்.

பிறகு ஹிசாயே பஸ் பிடித்துக் கம்பெனிக்குப் போனாள். பெட்டி அடைக்கும் வரிசையில் இளம் பெண்களுக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மூடியைத் திற, சீட்டைப் போடு, மூடியைச் சாத்து. மதியத்துக்குள் இருநூற்று முப்பது பெட்டி முடித்தாள். பக்கத்தில் இருந்தவள் நூற்று எண்பதுதான் முடித்திருந்தாள்.